‘வந்தது வந்தோம்’ என்றொரு வியாதி

கேள்வி:

டாக்டர், எங்களுக்குத் தர்மபுரி மாவட்டம் கடத்தூர். பெரியவளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. சின்னவனுக்கு ஒன்றரை. வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கட்கிழமை விடியற்காலை பஸ் பிடித்துப் போய்விடுவார். நடுவில் கிடைக்கிற அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான்.

போன மாதம் ஒகேனக்கல் போனோம். காலையில் நாலரைக்கே பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, ஆளுக்கொரு டம்ளர் பால் கொடுத்து பஸ் ஏறினோம். பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போது, அதுவரைக்கும் போனில் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவள் என் புடவையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அருவிப் பக்கம் போனதும் சின்னவன் அலறினான். பரிசலுக்கு வெயிலில் வரிசையில் நின்றோம். அப்புறம் எண்ணெய்க் குளியல், மீன் சாப்பாடு. கிளம்பலாம் என்றேன். “வந்தது வந்தோம், முதலைப் பண்ணையையும் பார்த்துட்டுப் போயிடலாம்” என்றார் இவர். அதன் வாசலில் பெரியவள் மண்ணில் புரண்டு அழுதாள். நான் ஒரு அடி வைத்துவிட்டேன். திரும்பும்போது தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நானும் அவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் மாமியார், “உச்சி வெயில்ல பச்சப் புள்ளைய ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போனா இப்படித்தான்” என்று மிளகாய் சுற்றிப் போட்டார். அன்றைக்கு ராத்திரியே சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு.

ஐந்து வயது ஆகிற வரைக்கும் இனி எங்கேயும் வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். நாத்தனார் பிள்ளைகள் பெங்களூரில் வாராவாரம் மாலுக்குப் போகிறார்கள். இங்கே இவள் போனைப் பிடுங்கினால் அழுகிறாள். போகலாமா, வேண்டாமா? போனால் எங்கே, எப்படிப் போவது? கார் இல்லை, ஒரு பைக் இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு மறுபடியும் ஒகேனக்கல் போக மாமியார் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வேன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், கடத்தூர்.

பதில்:

போங்கள் அம்மா. ஐந்து வயது வரைக்கும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் போன மாதம் போன மாதிரி போக வேண்டாம்.

அன்றைக்கு என்னென்ன கெட்டுப்போயிற்று என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். பெரியவளுக்கு எது பிடித்தது என்று ஒரு வரி கூட இல்லை. கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். அருவி என்று அவள் சொல்ல மாட்டாள் என்பது என் ஊகம். கடைக்காரம்மா மீனைக் கல்லில் திருப்பிப் போட்டது, யார் கையிலிருந்தோ ஒரு குரங்கு பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆயா வைத்திருந்த கோழிக்குஞ்சு என்று எதையாவது சொல்வாள். நாலு வயதுக்காரிக்குக் கண்ணில் படுவது அவள் உயரத்தில் நடக்கிற சமாச்சாரங்கள்தான். நாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற பெரிய காட்சிகள் அவள் தலைக்கு மேலே போய்விடுகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே போவது என்ற கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும்.

முதலில் தூக்கத்தைப் பேசிவிடுவோம். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நாலு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு. பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. நாலரைக்கு எழுப்பினீர்கள் என்றால் இரண்டு பேருக்கும் விடியற்காலைத் தூக்கத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போயிற்று. சின்னவன் வழக்கமாகத் தூங்குகிற முற்பகலில் பரிசல் வரிசையில் வெயிலில் இருந்தான். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு அருவிச் சத்தம் இடி மாதிரிதான் கேட்கும், அலறாமல் என்ன செய்வான்? பெரியவள் முதலைப் பண்ணை வாசலில் மண்ணில் புரண்டதும் அடம் அல்ல. காலையில் குடித்த பால் வெளியே வந்துவிட்டது, மீனில் காரம், காலில் சூடு, கண்ணில் தூக்கம். ‘போதும்’ என்று சொல்லத் தெரியாத வயதில் உடம்பு அப்படித்தான் சொல்லும். அந்த நேரத்தில் அடியும் வேலைக்கு ஆகாது, புத்திமதியும் காதில் ஏறாது. நிழலில் உட்கார வைத்து, இரண்டு வாய் தண்ணீர் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் இருங்கள். அடங்கியதும் ஊருக்குத் திரும்புங்கள்.

வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினைந்து நாளில் ஒரே ஒரு ஞாயிறு, அதற்குள் அப்பனாக இருந்து காட்ட வேண்டும் என்கிற தவிப்பு அவருக்கு. தர்மபுரி மாவட்டத்தில் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டு வருகிற அப்பாக்கள் எத்தனையோ பேர். எல்லோருக்கும் இந்தத் தவிப்பு உண்டு. செலவு பண்ணி இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மனசு கணக்குப் போடும்போதுதான் ‘வந்தது வந்தோம்’ என்ற வார்த்தை வாயில் வருகிறது. குடும்பத்தோடு வெளியே போகிற நாட்களைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தைதான். மழை, வெயில், பஸ் தாமதம் எல்லாம் அதற்கு அப்புறம். அந்த வார்த்தை வாயில் வரும்போதே மூட்டையைக் கட்டிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை இன்னும் விளையாடிக்கொண்டிருக்கும்போதே கிளம்புகிற வீட்டில்தான் அடுத்த தடவை போக எல்லோருக்கும் மனசு வரும்.

ஒரு நாளைக்கு ஒரு இடம். அதுவும் அரை நாள். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

அடுத்தது வாந்தி. பஸ் வளைந்து வளைந்து போவதைக் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ ஆடாமல் அசையாமல் போன் திரையில் நிற்கிறது. ஒன்று ஓடுகிறோம் என்கிறது, இன்னொன்று உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குள் இது அபூர்வம், அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரைக்கும் அதிகம். அதனால்தான் சின்னவன் தப்பித்தான், பெரியவள் மாட்டிக்கொண்டாள். மலைப் பாதையில் பாட்டுப் பார்க்கப் போனைக் கொடுப்பது வாந்தியை நாமே கூப்பிடுவதுதான். பஸ்ஸில் முன்பக்கத்து சீட்டாகப் பார்த்து, தூரத்து மலையைப் பார்க்கிற மாதிரி, ஜன்னலைத் திறந்து உட்கார வையுங்கள். கிளம்புகிற நேரத்தில் பால் வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னால் ஒரு இட்லி, அவ்வளவுதான். வெறும் வயிறும் ஆகாது. ஒரு பிளாஸ்டிக் கவர், ஒரு ஈரத் துண்டு, அவளுக்கு ஒரு மாற்று கவுன் பைக்குள் மேலாக இருக்கட்டும். உங்களுக்கும் ஒரு மாற்றுப் புடவை. இதை யாரும் எடுத்துப் போவதில்லை, அப்புறம் நாள் முழுக்க நாற்றத்தோடு நிற்பது அம்மாதான். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பார்கள். அதனால் நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன், கெடுதல் இல்லை. கெடுதல் உள்ளது ஒன்று இருக்கிறது: பெரியவர்களுக்கான வாந்தி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பாதியாக உடைத்துக் கொடுப்பது. இந்த வகை மாத்திரைகளில் சிலவற்றை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சையே மந்தப்படுத்திவிடும். நாலு வயதுக்கு மருந்து தேவைப்பட்டால் எடை பார்த்து டாக்டர் எழுதித் தரட்டும்.

இனி எங்கே போவது என்று பார்ப்போம். கடத்தூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பலரும் வெளியூர் போக மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். பொம்மிடி ரயில் நிலையத்தைச் சொல்கிறேன். சேலம் – ஜோலார்பேட்டை பாதையில், உங்களுக்குப் பக்கம்தான். அந்தப் பக்கம் மொரப்பூர் நிலையமும் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற முதல் இடம் ரயிலாகவே இருக்கட்டும். சேலம் வரை போங்கள், அங்கே ஒரு வேலையும் வேண்டாம். ரயில் ஏறுவதே அன்றைய வேலை.

பொம்மிடியில் சாதாரண வண்டி ஏறினால் லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியாகச் சேலம் போகும். லோக்கூர்ப் பக்கம் இரண்டு புறமும் மலை நெருங்கி வரும், சேர்வராயன் மலை ஜன்னலுக்கே வந்துவிடும். உங்கள் பெண்ணை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். மலையை அவள் பார்ப்பாளோ என்னவோ, எதிர் வண்டி தடதடவென்று கடப்பது, பச்சைக் கொடியோடு நிற்கிற ஆள், தண்டவாளம் ஒன்று இரண்டாகப் பிரிவது, சுண்டல்காரர் குரல் எல்லாவற்றையும் பார்ப்பாள். ஐந்து வயதுக்குள் ரயிலில் டிக்கெட் இல்லை. கடத்தூரிலிருந்து பொம்மிடிக்கு டவுன் பஸ் என்றால் 2021 மே மாதத்திலிருந்து உங்களுக்கும் டிக்கெட் இல்லை, அரசு பஸ்ஸில் 2022 முதல் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் இல்லை. ஆக, வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து போவது கொஞ்சம்தான். ‘செலவு பண்ணி வந்தோமே’ என்ற பேச்சுக்கும் இடமில்லை.

ரயிலில் இரண்டு விஷயத்தில் கண் இருக்கட்டும். ஜன்னல் ஷட்டர்: பழைய பெட்டிகளில் கொக்கி சரியாக விழாமல் மேலே நிற்கும், வண்டி குலுங்கினால் இறங்கிவிடும். கீழே பிள்ளையின் விரல் இருந்தால் நசுங்கும். உட்கார்ந்த உடனே ஷட்டரை ஒருமுறை அழுத்தி இழுத்துப் பார்த்துவிடுங்கள், ஆடினால் வேறு ஜன்னல். இன்னொன்று வாசல். காற்று வாங்கலாம் என்று கைக்குழந்தையோடு வாசலில் நிற்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. கூடாது.

சேலத்தில் இறங்கி, ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பலாம். திரும்புகிற வண்டியின் நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணம் பழகிய பிறகு, இன்னொரு மாதம், ஏற்காடு அடிவாரத்தில் இருக்கிற குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போகலாம். ஏற்காடே போகலாமா என்றால், சேலத்திலிருந்து ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். உங்கள் பெண்ணின் வயிறு அதற்கு இன்னும் தயாராகவில்லை, இரண்டு வருடம் போகட்டும்.

ரயிலுக்குப் போகாத ஞாயிறுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து வாணியாறு அணை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போய் இருட்டுவதற்குள் திரும்பலாம். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. வில்லும் கையுமாக, மாடு பிடிக்கிற சண்டையில் செத்துப்போன வீரர்கள். கதையாகச் சொன்னால் பெரியவள் அரை மணி நேரம் நிற்பாள், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதியமான்கோட்டையில் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்ல அதியமான் கோட்டம் இருக்கிறது.

எங்கேயும் போக முடியாத ஞாயிறும் வரும். அப்போது சந்தைக்குப் போங்கள். கடத்தூர் வெற்றிலைச் சந்தை உங்களுக்குப் பழகிப் போனது, அவளுக்கு அப்படி இல்லை. ஈரச் சாக்கைப் பிரிக்கும்போது வருகிற வாசனை, இலையை இலை மேல் காம்பு ஒரே பக்கமாக அடுக்கி, வாய் எண்ணிக்கொண்டிருக்கும்போதே கை தானாகக் கவுளி பிரிக்கிற வேகம் — இதை ஒரு கால் மணி நேரம் அப்பா தோளில் உட்கார்ந்து பார்க்கட்டும். அவளுக்குப் பத்து இலை வாங்கிக் கொடுங்கள், வீட்டுக்கு வந்து அவளும் அடுக்குவாள். பெங்களூர் மாலில் தானாக ஏறி இறங்குகிற படிக்கட்டு இருக்கும். அது ஒன்றுதான் குறை என்றால் சேலத்தில் காட்டிவிடலாம், நாத்தனார் பிள்ளைகளோடு ஒப்பிடுகிற பேச்சை விட்டுவிடுங்கள்.

போன் விஷயமும் இங்கேயே அடங்கிவிடும். இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், சின்னவன் வயதில் அறவே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெறுமனே பிடுங்கினால் அழத்தான் செய்வாள். கைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள்.

பைக்கில் நாலு பேராகப் போகிற யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர் என்பதுதான் மோட்டார் வாகனச் சட்டம். ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரைக்கும் உள்ள பிள்ளையை ஏற்றினால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுகிற பாதுகாப்புப் பட்டை, தலைக்குச் சரியான ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்று 2023 பிப்ரவரி முதல் மத்திய அரசின் விதி நடப்பில் இருக்கிறது. நாலு முடிந்த பெரியவளுக்கு ஹெல்மெட் கட்டாயம். நம் சாலைகளில் இதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். போலீஸ் பார்க்காவிட்டாலும் ரோடு பார்க்கும். பெட்ரோல் டேங்க் மேல் உட்காருகிற பிள்ளை, பிரேக் போட்டால் முதலில் பறக்கிற பிள்ளை. அதியமான்கோட்டைக்கு அப்பாவும் மகளும் மட்டும் பைக்கில், அவளுக்கு ஒரு சின்ன ஹெல்மெட் வாங்கிப் போட்டுப் போய் வரட்டும். அவள் அவரோடு தனியாகப் போய் வருவது அவருக்கும் நல்லது. சின்னவனோடு நீங்கள் வீட்டில் கொஞ்சம் படுத்து எழலாம்.

வயிற்றுப்போக்குக்குக் காரணம் ஆற்றங்கரையும் இல்லை, கண் திருஷ்டியும் இல்லை. வெளித் தண்ணீரோ, கை கழுவாமல் தின்றதோ இருக்கலாம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வெளியே போகும்போது தண்ணீரும் சோறும் வீட்டிலிருந்துதான். கொதித்து ஆறிய தண்ணீர், இட்லி, வாழைப்பழம். தயிர்ச் சாதத்தைக் காலையில் கட்டி மத்தியானம் மூன்று மணிக்குப் பிரிக்காதீர்கள். மீன் என்றால் பெரிய மீனின் நடுத்துண்டில், நீங்கள் விரலால் உதிர்த்துப் பார்த்து முள் இல்லை என்று தெரிந்த சதையை மட்டும், மசாலாத் தோலை எடுத்துவிட்டு. பஸ் ஸ்டாண்டில் சுருளாகக் கட்டித் தருகிற வறுத்த நிலக்கடலையை இரண்டு பேருக்கும் முழுசாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நம் மாவட்டத்தில் கடலைக்குப் பஞ்சமில்லை, அதை மூச்சுக்குழாயில் மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இருமத் தொடங்கி, அப்புறம் ஒரு வாரமாகச் சளி, இளைப்பு என்று வைத்தியம் பார்ப்பார்கள். உள்ளே இருப்பது பாதிக் கடலை. கடலையை இடித்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுங்கள், தாராளமாகச் சாப்பிடட்டும்.

பைக்குள் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போட்டு வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதிலும் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குவது தப்பு. ஒவ்வொரு முறை போன பிறகும் சின்னவனுக்குக் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், ஸ்பூனால் மெதுவாக. தாய்ப்பால் குடிக்கிறான் என்றால் நிறுத்தாதீர்கள். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்ற பிறகும். கடையில் அட்டைப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று எழுதி இனிப்புத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்துவிட்டது. ஆனாலும் பாக்கெட்டின் மேல் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறான் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். ஒகேனக்கலில் நீங்கள் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து, வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள்தான் அதிகம். பால் கொடுக்கிற அம்மாவும் அப்படியே இருக்கிறாள். சாயங்காலம் தலைவலி, எரிச்சல், அதன் பிறகு பிள்ளை மேல் ஒரு அடி. அன்றைக்கு நீங்கள் அடித்ததில் பாதிக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்பதை வீட்டுக்காரர் முதலில் விசாரிக்கட்டும். அருவி இருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம். 2015-லிருந்து பஸ் நிலையங்களில் தாய்மார்களுக்குப் பாலூட்டும் அறை இருக்கிறது. பூட்டியிருந்தால் கூச்சப்படாமல் சாவியைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுக்காகக் கட்டியது.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சி வெயிலில் பிள்ளையை வெளியே கொண்டுபோகாதே என்று அவர் சொல்வது சரிதான். அவர் காத்துக் கருப்பு என்பார், நான் வெயில் தாக்கம் என்பேன், பதினொன்றிலிருந்து மூன்று வரை நிழலில் இருங்கள் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. சுற்றிப் போடட்டும், மனத்திருப்தி. மையைக் கன்னத்திலோ பாதத்திலோ வைக்கட்டும், கண்ணுக்குள் மட்டும் தீட்ட வேண்டாம்.

கடைசியாக ஆடிப் பதினெட்டு. கேரளத்திலும் குடகிலும் தென்மேற்குப் பருவமழை பிடிக்கிற காலம் அது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் தண்ணீர் பிலிகுண்டுலு தாண்டி நேராக ஒகேனக்கலுக்குத்தான் வரும். அதனால்தான் ஆடியில் பல வருடங்களில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. தடை இல்லாவிட்டாலும் படித்துறையில் நிற்க இடம் இருக்காது. தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை கை காலை உதறிக் கத்தும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கத்தாது, சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஒன்று முதல் நாலு வயது வரை உலக அளவில் பிள்ளைகள் சாவதற்கான காரணங்களில் நீரில் மூழ்குவது நான்காவது இடத்தில் இருக்கிறது. பத்துப் பேர் கூட இருக்கிற இடத்தில்தான் ஆபத்து அதிகம். அத்தை பார்ப்பாள் என்று சித்தி நினைப்பாள், சித்தி பார்ப்பாள் என்று அத்தை நினைப்பாள்.

என் யோசனை இது: மாமியாரும் சொந்தக்காரர்களும் வேனில் போய் வரட்டும். இந்த வருடம் சின்னவன் உடம்பு சரியில்லாமல் கிடந்து எழுந்திருக்கிறான் என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நீங்கள் நாலு பேரும் தோட்டத்துக் கிணற்றடியில், தோட்டம் இல்லாவிட்டால் வீட்டுக் குழாயடியில், விளக்கு வைத்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு சித்ரான்னம் சாப்பிடுங்கள். ஒகேனக்கலை தை, மாசிக்குத் தள்ளி வையுங்கள். தண்ணீர் குறைந்து, வெயில் ஏறாத காலம் அது. அப்போதும் பரிசல் வேண்டாம். உயிர்காப்பு ஜாக்கெட் கட்டாயம் என்றாலும், ஒன்றரை வயதுக்காரன் மேல் பெரியவர்கள் ஜாக்கெட்டைக் கட்டினால் தண்ணீரில் விழும்போது அது கழுத்து வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

இல்லை, போய்த்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக நின்றால், வேனில் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பெரியவளுக்கு அப்பா, சின்னவனுக்கு நீங்கள், வேறு யார் கையிலும் மாற்றுவதில்லை. கை எட்டுகிற தூரத்தில் பிள்ளை, கையில் போன் இல்லை. ஒருத்தர் கழிப்பறைக்குப் போவதானால் “இவனை இப்போ நீ பாரு” என்று வாய்விட்டுச் சொல்லி, “சரி, நான் பார்த்துக்கிறேன்” என்ற பதிலைக் காதால் கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். பெரியவளுக்கு அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லப் பழக்குங்கள், போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி கவுனின் உள்பக்கம் ஊக்கு போட்டுக் குத்திவிடுங்கள். கூட்டத்தில் காணோம் என்றால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், இன்னொருத்தர் போலீஸ் மைக்கில் சொல்லட்டும். 112-க்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அடிக்கலாம். ஆற்றைத் தூரத்து மேட்டிலிருந்து காட்டினால் போதும். மேட்டு நிழலிலேயே பாயை விரித்து, சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரையும் அங்கேயே ஒரு தூக்கம் தூங்க வையுங்கள், எழுந்ததும் வேனைக் கிளப்பச் சொல்லுங்கள்.